தைக்கு முன் ஒப்பந்தம், மாசியில் தார்

(நாகர்கோவிலில் வார்டு உறுப்பினர்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறவர்கள். வெளியூர்க்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார். தென்னையும் ரப்பரும் குளமும்தானே கண்ணில் படுகின்றன! ஆனால் இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருக்கின்றன. 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலையும் நாலைந்து நகராட்சிகளையும் கழித்துவிட்டால், மீதி நகர்ப்புறம் பெரும்பாலும் பேரூராட்சிதான். சின்ன அலுவலகம், சின்ன வருமானம், பல பேரூராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு பொறியாளர். தெருவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சாலை யாருடையது என்பது. தேசிய நெடுஞ்சாலை ஒரு துறை, மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறை, சானல் எனும் பாசனக் கால்வாயின் கரைச் சாலையில் கரை நீர்வளத்துறைக்கு, மேலே போட்ட தார் பெரும்பாலும் உள்ளாட்சிக்கு. பல இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. மனுவைத் தவறான மேசையில் கொடுத்தால் ஒரு மழைக்காலம் வீணாகிவிடும். உள்ளாட்சி அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கும். தெருவின் பெயர், நீளம், அகலம், தாரா காங்கிரீட்டா தரைக்கல்லா மண்ணா, கடைசியாக எப்போது போட்டார்கள் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் தெரு அதில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டில் இல்லாத தெருவுக்குப் பணம் ஒதுக்க யாராலும் முடியாது. பாதைக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்கள் அதை எழுதிக் கொடுக்காமல் விட்ட தெருக்கள்தான் இந்த ஊரில் அதிகம் சிக்குகின்றன.

இனி பணம். சொந்த வருவாயில் பெரியது சொத்து வரி. சென்னைக்கு வெளியே 2008-க்குப் பிறகு 2022-இல்தான் அது பொதுவாகச் சீரமைக்கப்பட்டது. இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் தார், ஜல்லி, கூலி எதுவும் பழைய விலையில் நிற்கவில்லை. நம் தெருக்களின் நிலைக்குப் பாதிக் காரணம் அந்த இடைவெளி என்பது என் கணிப்பு. அடுத்து, மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரிந்து வருகிறது. ஆனால் கடன் தவணை, குடிநீர் வாரியக் கட்டணம், மின் கட்டணம், ஓய்வூதியம் என்று பிடித்தம் போகவே கைக்கு வரும். மூன்றாவது, மத்திய நிதி ஆணைய மானியம். 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது ஆணையக் காலத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு அந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிப்போட்டுவிட்டார்கள். 40 சதவீதம் மட்டுமே தெருவுக்குத் திருப்பக்கூடிய பணம்.

இவற்றுக்கு மேல் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் என்று பல வாசல்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை புதிதாகப் போடுவதற்கான பணம். திறப்பு விழாவும் பெயர்ப் பலகையும் அதற்குத்தான். குழி அடைக்கவும், ஓடை தூர்வாரவும், வெடிப்பில் தார் ஊற்றவும் சொந்த வருவாய்தான். சம்பளமும் குப்பையும் தெருவிளக்கும் போக மிஞ்சுவதே அதில் கிடைக்கும். ஆகவே வரவுசெலவுத் திட்டத்தில் 'சாலைகள் பராமரிப்பு' என்ற தலைப்பில் தனியாக எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'சாலைப் பணிகள்' என்று மொத்தமாகக் காட்டியிருந்தால், பராமரிப்புக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் வந்ததும் வார்டுக்கு வார்டு சமமாகப் பங்கு வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. பார்வைக்கு நியாயம். விளைவு என்ன? ஒவ்வொரு வார்டிலும் அறுபது மீட்டர், எண்பது மீட்டர் துண்டு. துண்டு வேலைக்கு, கலவையைப் பரப்பும் நல்ல பேவர் இயந்திரமும் ரோலரும் கொண்டுவர எந்த ஒப்பந்ததாரருக்கும் கட்டாது. ஆளை வைத்துச் சட்டியில் அள்ளிக் கொட்டிப் பரப்புவார்கள். மேலும் துண்டும் துண்டும் சேருகிற இடத்தில்தான் முதல் குழி விழும். எல்லாத் தெருக்களுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட்டு, மிக மோசமானதை விட்டு, 'இந்த வருடம் கவனித்தால் பிழைக்கும்' என்ற நிலையில் இருப்பதை முதலில் எடுப்பதுதான் சிக்கனம். மேல் தார் மட்டும் தேய்ந்த தெருவுக்கு 30 மில்லிமீட்டர் மேல்பூச்சு போதும். இரண்டு மழை கடந்து அடித்தளம் கலங்கிவிட்டால் ஜல்லி அடுக்கிலிருந்து தோண்டி எழுப்ப வேண்டும். செலவு பல மடங்காகிவிடும். மோசமான தெருக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள், சண்டைக்கும் வருவார்கள். அவர்களுக்குக் குழி அடைப்பை உடனே செய்துகொடுத்துவிட்டு, முழு வேலையைத் திட்ட நிதியில் கேட்க வேண்டும்.

இனி மாதக் கணக்கு. நான் வலியுறுத்த வந்ததே இதைத்தான். சென்னைக்கு மழை ஒன்று, நமக்கு இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஒக்கிப் புயல் அடித்தது நவம்பர் 30 அன்று என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாலையானால் இடியோடு கோடை மழை. தார் போட நம்பத்தகுந்த காய்ந்த காலம் தைத் தொடக்கத்திலிருந்து பங்குனி நடுவரை, அதாவது ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரை.

வழக்கமாக என்ன நடக்கிறது? மார்ச்சில் பட்ஜெட். ஏப்ரலில் மதிப்பீடு. மே கடைசியில் ஒப்பந்தப்புள்ளி. ஜூனில் வேலை உத்தரவு, அதோடு மழை. ஒப்பந்ததாரர் ஈரத்தில் போடுவார், இல்லையென்றால் இழுத்தடிப்பார். தாரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை மாற்றுகின்றன. ஆறு மாதம் தள்ளினால் அவர் போட்ட கணக்கு கையைக் கடிக்கும், அந்தக் கடியைத் தடிமனில் சரிக்கட்டுவார். ஈரத்தில் போட்டால் கல்லுக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்து பிடிப்பை உரித்துவிடும். நவம்பரில் ஜல்லி சிதறிக் கிடப்பதைப் பார்த்து 'தார் குறைவு' என்கிறோம். பல நேரம் தார் சரியாகவே இருந்திருக்கும்; போட்ட நாள்தான் தப்பு.

இதைத் திருப்பிப் போடலாம். ஜூலை, ஆகஸ்டில் மதிப்பீடு எடுக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த ஓடை எதிர்வாக்கில் ஓடுகிறது என்பதெல்லாம் மழையில்தான் தெரியும். வெயிலில் டேப் பிடித்து எழுதிய மதிப்பீட்டில் சிறுபாலம் விடுபட்டுப் போகும். செப்டம்பரில் மன்றத் தீர்மானமும் நிர்வாக அனுமதியும், அக்டோபரில் தொழில்நுட்ப அனுமதி, நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி. ஒப்பந்தப்புள்ளிச் சட்ட விதிப்படி 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். திறந்து, சரிபார்த்து, மன்றத்தில் வைத்து, ஒப்பந்தம் எழுத இன்னொரு மாதம். பொங்கல் கழிந்ததும் வேலை உத்தரவு கையில் இருக்கும். மார்ச் 31-க்குள் வேலையும் முடியும், ஒப்பந்ததாரரின் பில்லும் அதே நிதியாண்டில் தீரும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

சானல்கரைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கோதையாறு பாசனத்தில் ஜூன் முதல் பிப்ரவரி கடைசிவரை தண்ணீர் ஓடும். பக்கச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட மார்ச் முதல் மே வரைதான் வழி. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றை அதற்கு முன்னாலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும். சுவர் ஏன் சாய்கிறது? பின்னால் நிரப்பிய மண் மழையில் ஊறி எடை கூடுகிறது. ஊறிய நீர் வெளியேற சுவரில் கசிவுத் துளையும், துளைக்குப் பின்னால் ஜல்லி அடுக்கும் இருக்காது. துளை இருந்தாலும் பூசும்போது சிமெண்டால் அடைத்துவிடுவதும் உண்டு. சுவர் முடிந்து ஒரு மழை பார்த்துவிட்டு மேலே தார் போடுவது நல்லது. அதே வாரத்தில் போட்டால் நிரப்பிய மண் இறங்கி ஓரத்தில் நீளவாக்கில் வெடிக்கும்.

வேலை நடக்கும் நாளில் என்ன பார்ப்பது? கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இறுகிய பிறகு 9 கனமீட்டர், ஏறக்குறைய 21 டன் கலவை. எடைச் சீட்டைக் கூட்டிப் பார்த்தாலே தடிமன் தெரிந்துவிடும். பழைய தாரின்மேல் சதுர மீட்டருக்கு கால் கிலோ அளவில் ஒட்டுப்பூச்சு எனும் தார்க் குழம்பு அடிக்க வேண்டும்; இந்தத் துண்டுக்கு 75 கிலோ வரும். அடித்ததும் பழுப்பாக இருக்கும் குழம்பு கறுப்பாக மாறிய பிறகே கலவையைக் கொட்ட வேண்டும். தூசி கூட்டாமல் அடித்தால் அது தூசியில்தான் ஒட்டும். விஜி-30 ரகத் தார் என்றால் பரப்பும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90 டிகிரிக்கு இறங்கும் முன் ரோலர் ஓடி முடிய வேண்டும். வெப்பமானி இல்லாமல் வேலைக்கு வருகிறவரை நிறுத்திக் கேளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு இரண்டரை சரிவு வேண்டும்: 3 மீட்டர் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரம். நூல் பிடித்தால் போதும்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவது இன்னொரு தீமை. நான்கு முறை போட்டால் தெரு ஒரு படி உயரம் ஏறிவிடும், மழைநீர் வீட்டுக்குள் இறங்கும். 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். மதிப்பீட்டில் சுரண்டும் வேலை தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதியும் தெருவில் நடக்காத வேலைகளில் இதுவும் ஒன்று.

குழி அடைப்பதில் ஒரு முறை இருக்கிறது. குழியைச் சுற்றி உறுதியான தார்வரை சதுரமாக, ஓரம் செங்குத்தாக வெட்ட வேண்டும். தளர்ந்ததையும் நீரையும் எடுத்து, அடியிலும் ஓரத்திலும் ஒட்டுப்பூச்சு அடித்து, ஆழம் அதிகமானால் அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து, மேல்மட்டம் சற்றே எழும்பி நிற்கும்படி முடிக்க வேண்டும். வண்டி ஓட ஓட அது சமமாகிவிடும். ஒரு மீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 120 கிலோ கலவை. மழை நாளில் மூட்டையில் வரும், சூடாக்காமல் போடும் குளிர்கலவையே பொருத்தம். நம் ஊரில் செம்மண்ணும் உடைந்த ஓடும் போட்டு நிரப்புகிறோமே, அது மூன்றே நாளில் சேறாகி, குழியின் ஓரத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

காங்கிரீட் போட்டால் கவலை விட்டது என்கிறார்கள். மலையோரச் சரிவிலும், எப்போதும் ஈரம் தங்கும் சந்திலும் சரிதான். ஆனால் குழாய் பதிக்கும் முன் போடாதீர்கள். குடிநீர் இணைப்புக்காக வெட்டிய காங்கிரீட்டை யாரும் பழையபடி சேர்த்ததில்லை. போடுவதற்கு முன்பே குறுக்கே பிவிசி குழாய்களை உறையாகப் புதைத்து வைத்தால் பிறகு வெட்ட வேண்டியதில்லை. அதற்கான செலவு சொற்பம். தரைக்கல் என்றால் கார் ஏறும் தெருவுக்கு 80 மில்லிமீட்டர் கல், நடைபாதைக்கு 60. இருபுறமும் காங்கிரீட் ஓரம் கட்டாவிட்டால் கல் விலகி மணல் கழுவிப் போகும்.

சாலை வெட்டுக் கட்டணத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்கும் கேபிளுக்கும் தோண்டுகிறவரிடம் இந்தக் கட்டணத்தை வாங்குகிறார்கள். அது தனிக் கணக்கில் நின்று அந்தப் பள்ளத்துக்கே செலவாக வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், அந்தப் பள்ளம் அடுத்த முறை தெரு முழுக்கத் தார் போடும்வரை காத்துக் கிடக்கும். பள்ளத்தை 15 சென்டிமீட்டர் அடுக்காக நிரப்பி இடிக்காமல் ஒரே மூச்சில் மண் தள்ளினால், எந்தத் தாரும் அதன்மேல் நிற்காது.

கல் ஏற்றிப் போகும் பெரிய டாரஸ் லாரிகளைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அச்சுப் பாரம், அதாவது ஒரு சக்கர அச்சின்மேல் விழும் எடை, இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கையாளும் கணக்கு இது. ஊர்த்தெருவுக்குப் போட்ட மேல்பூச்சின்மேல் அளவுக்கு மீறிக் கல் ஏற்றிய லாரி ஓடினால் எந்தப் பராமரிப்பு நிதியும் ஈடாகாது. அங்கே தேவை தாரல்ல, பாரக் கட்டுப்பாடு.

கடைசியாகக் கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 2-இல் 'தகவல் அறியும் உரிமை' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். நகல் வாங்குவது மட்டுமல்ல, வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அதில் அடங்கும். பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டி, மதிப்பீடு, வேலை உத்தரவு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், குறைபாடு திருத்தும் காலம் எழுதிய ஒப்பந்தப் பகுதி ஆகிய நான்கையும் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை அவருடைய வைப்புத்தொகை அலுவலகத்திடம் இருக்கும். காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு முந்தைய மழையில் தெருவை ஒருமுறை நடந்து, குழியை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வைப்புத்தொகை விடுவிக்கப்பட்ட பிறகு கொடுத்தால், அதே குழிக்கு மறுபடியும் உங்கள் சொத்து வரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.