கணினிக்கு ஸட்ஜம் சொல்லிக் கொடுப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

மேடையில் பாடகி "ஐந்து கட்டை" (கீபோர்டில் ஜி கட்டைதான் என் ஸட்ஜம், அதாவது ச) என்று சொன்னால் போதும், மற்றதைத் தம்புராக்காரர் பார்த்துக்கொள்வார். கணினிக்குள் ஓடும் சிந்தசைசரிடம் அது நடக்காது. எந்தக் கட்டை ஸட்ஜம், எந்தக் கட்டைக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

சர்ஜ் போன்ற இலவச மென்பொருளில் ஸ்காலா கோப்பு (ஸ்வரங்களின் இடைவெளிகளை எழுதிவைக்கும் சிறு உரைக்கோப்பு) ஒன்றை ஏற்றி, வேண்டிய ஸ்வரஸ்தானங்களை வைத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது விகிதங்கள் மட்டுமே: பஞ்சமம் 3/2, அந்தர காந்தாரம் 5/4, இப்படி. ஸட்ஜம் எங்கே என்று நாம் சொல்லாவிட்டால், பெரும்பாலும் 261.63 ஹெர்ட்ஸ் சி-யையே ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு கட்டைக்கு, அதாவது சி-க்கு, அது சரி. ஐந்து கட்டைக்காரர் ஜி-யை ஸட்ஜமாக வைத்துச் சங்கராபரணம் வாசித்தால் வேடிக்கையைப் பாருங்கள். க, ம, ப, த, நி எல்லாம் ஒழுங்காகச் சேரும், ரிஷபம் மட்டும் இறங்கி நிற்கும். ரிஷபமாக வரும் அந்த ஏ கட்டை, சி-யின் தைவதமாக 5/3-இல் வைக்கப்பட்டது. ஜி-யிலிருந்து பார்த்தால் அது 10/9. நமக்கு வேண்டியதோ 9/8. அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தம்புரா ஓடும்போது ரி-யில் கொஞ்சம் நின்றால் காது கூசும். உடனே விகிதத்தைத் திருத்தப் போகிறவர்கள் உண்டு. விகிதத்தில் தப்பே இல்லை.

மாற்ற வேண்டியது கூடவே வரும் கேபிஎம் கோப்பை, அதாவது எந்த ஸ்வரம் எந்தக் கட்டையில் என்று சொல்லும் கோப்பை. அதன் நாலாவது வரி ஸ்வரவரிசை தொடங்கும் கட்டை, ஐந்தாவது அலைவெண் நிர்ணயிக்கும் கட்டை, ஆறாவது அந்த அலைவெண். ஐந்தில் 69 (கணினி கட்டைகளுக்குத் தரும் மிடி எண்களில் ஏ-யின் எண்), ஆறில் 440 என்று மேற்கத்திய வழக்கத்தை அப்படியே விட்டால் ஏ அசையாது, ஸட்ஜம் நகர்ந்துவிடும். ஒரு கட்டையில் அது 264-க்குப் போய், 261.63-இல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியோடு நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அலையடிக்கும்.

நான் நாலிலும் ஐந்திலும் ஒரே எண்ணைத்தான் போடுவேன். ஐந்து கட்டைக்கு 55. கட்டையை எண்ணாலேயே குறியுங்கள். நடு சி-யைச் சிலர் சி3 என்பார்கள், சிலர் சி4 என்பார்கள், 60 என்றால் குழப்பமில்லை.

அப்புறம் ஆறாவது வரி. கணக்குப்படி 196. ஆனால் வயலின் எந்தத் தம்புராவோடு சேர்ந்ததோ அதை ட்யூனரில் அளந்து, 197 வந்தால் 197-ஐயே எழுதுங்கள். மந்தர ஸட்ஜத் தந்தியை அளந்திருந்தால் வந்த எண்ணை இரண்டால் பெருக்க மறக்காதீர்கள்.