1930: முடியாது என்று சொன்னவர்கள்

நண்பர்களே, 1930 என்றதும் நமக்குத் தண்டிதான் நினைவுக்கு வரும். மார்ச் 12 அன்று காந்தி 78 பேருடன் சபர்மதியிலிருந்து கிளம்பியதும், ஏப்ரல் 6 அன்று கடற்கரையில் உப்பை அள்ளியதும் பள்ளிக்கூடத்திலேயே படித்த கதை. அந்தத் தொண்டர் பட்டியலில் பேர் இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தூக்கம் கெட்டதே அவர்களால்தான் என்பது என் எண்ணம்.

அப்போது ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, வரி ஒன்றேகால் ரூபாய். கடலோரத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம்.

ஜாலியன்வாலா பாக் நினைவு நாளான ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். 150 மைல் நடை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு கணக்குப் போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். பசித்தால் தானாகக் கலைந்துவிடுவார்கள் அல்லவா? ஆனால் வந்தவருக்கு இலை போடாதே என்று காவிரிக் கரையில் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்! சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியவர் யார் என்று போலீசால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ருக்மிணி லட்சுமிபதியும் அங்கேதான் கைதாகிச் சிறை சென்றார்.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதர். அரசாங்க ஆட்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று அந்த ஊர் நாவிதர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பாதி முகம் மழித்த பிறகுதான், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று வைரப்பனுக்குத் தெரிந்தது. கத்தியை மடக்கிவிட்டார். மிரட்டிப் பார்த்தும் மசியவில்லை. நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மீதியையும் மழித்துவிடு என்றார் அவர். வைரப்பன் தன் பெட்டியை அவர் முன்னால் வைத்து, நீங்களே மழித்துவிடுங்கள் என்றாராம். சிறைக்கு அனுப்பினார்கள். இந்தக் கதையை அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

அதே ஏப்ரல் 23. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவரில், எல்லைக் காந்தி கான் அப்துல் கப்பார் கானைக் கைது செய்ததும் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஜனங்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் வந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். இமயமலைக்காரர்களைக் கொண்ட கட்வால் ரைபிள்ஸ் படையினரையும் சுடச் சொன்னார்கள். நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று சந்திர சிங் கட்வாலியும் அவருடைய ஆட்களும் மறுத்துவிட்டார்கள். எதிரே நின்றவர்கள் முஸ்லிம் பட்டாணியர்கள், மறுத்தவர்கள் இந்து மலைநாட்டார். சிப்பாயே கை ஓங்க மாட்டேன் என்றால் ராஜ்ஜியம் எதன் மேல் நிற்கும்? ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தது. சத்தியாக்கிரகிகள் விடுதலையானார்கள். உப்பு விளையும் ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. கட்வால் வீரர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. உத்தரவை மீறிய சிப்பாய் தன் சத்தியத்தை மீறியவன் என்பது காந்தியின் நிலை. எனக்கு அவர்மேல் எவ்வளவோ மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அகிம்சை என்றால் என்ன என்று அந்தக் கடைவீதியில் செய்து காட்டியவர்கள் அவர்கள். சந்திர சிங் வெளியே வந்தது 1941-இல்.