எட்டு போட்டால் போதுமா?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அம்மாவுக்கும் பேராசிரியர்களுக்கும், கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். சரி. இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்? பார்த்தீர்களா, கைகள் கூடிவிட்டன! பயப்படாதீர்கள், நான் ஓய்வு பெற்றவன். பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தபோது கேட்டிருந்தால் இரண்டாவது கேள்விக்கு ஒரு கைகூட எழுந்திருக்காது.

சட்டத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். 16 வயதில் வீட்டார் சம்மதத்தோடு ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110 சிசி. அதற்கு 18 ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘என் பையன் சூப்பரா ஓட்டுவான் சார்’ என்று என் மேசைக்கு முன்னால் பெருமையாகச் சொன்ன அப்பாக்கள் நிறையப் பேர். பையன் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓட்டுவான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எட்டு போடும்போது வண்டி என்ன வேகத்தில் போகிறது? 10, மிஞ்சினால் 15. கால் ஊன்றாமல் வளைக்கிறீர்களா, சிக்னல் காட்டுகிறீர்களா என்று பார்ப்போம். வண்டி உங்கள் கைக்கு அடங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். முன்னால் போகும் ஷேர் ஆட்டோ கை காட்டிய இடத்தில் நிற்கும் என்பதை இரண்டு நொடி முன்பே ஊகிப்பீர்களா என்பது தெரியாது. நண்பன் பின்னால் உட்கார்ந்து ‘முறுக்குடா மச்சான்’ என்றால் முறுக்குவீர்களா என்பதும் தெரியாது. எட்டில் அதற்கு வளைவு இல்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு 70 சாவுகளுக்கு மேல் அதிவேகம் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதிவேகம் என்றதும் இ.சி.ஆரில் 120-ல் பறக்கும் பைக்கை நினைக்காதீர்கள். 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இயற்பியல் படிக்கிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். 60-ல் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 25 மீட்டர் போயாயிற்று, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. காய்ந்த சாலையில் நல்ல டயர் என்றாலும், பிடித்து நிற்க இன்னொரு 23 மீட்டர் ஆகும். மொத்தம் 48 மீட்டர், நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். 40-ல் வந்தவர் 27 மீட்டரில் நின்றுவிடுகிறார். அவர் நின்ற அதே இடத்தில் 60-ல் வந்தவரின் வேகம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? 57. குழந்தை 28-வது மீட்டரில் நிற்கிறது என்றால், ஒருவருக்கு அது ஒரு திடுக்கிடல், இன்னொருவருக்குக் கோர்ட்டு வாசல்.

இதில் பிரேக் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பது வேறு இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்’ என்பதுதான். இதைவிடக் கெட்ட பாடம் கிடையாது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுவதால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ், அதற்குக் கீழே குறைந்தது ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ் கட்டாயம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மைலேஜ் கேட்டிருந்தால் எல்லோரும் சொல்லியிருப்பீர்கள்.

அப்படியானால் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது, அதையும் சொல்லியாக வேண்டும். நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அந்தப் பயிற்சி பெற்ற இளம் ஆண்களுக்கு வழுக்கும் சாலையில் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. ‘நமக்குத்தான் தெரியுமே’ என்ற துணிச்சல் வந்ததுதான் காரணம் என்றார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 16,000 மாணவர்களைப் பிரித்து வைத்துச் சோதித்தபோதும், பள்ளியில் நடத்திய ஓட்டுநர் வகுப்பால் விபத்து நிலையாகக் குறைந்துவிடவில்லை.

பலன் தந்த வழியை முதலில் நாடு முழுக்கக் கொண்டுவந்தது நியூசிலாந்து, 1987-ல். அங்கே ஒரே நாளில் முழு லைசென்ஸ் கிடையாது. முதலில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க ஓட்ட வேண்டும். பிறகு தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை கூடாது, நண்பர்களை ஏற்றவும் கூடாது. எல்லாம் தாண்டிய பிறகுதான் முழு உரிமை. நீச்சல் பழகுகிற பிள்ளையை இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நாள் வைத்திருப்பது மாதிரி. நண்பர்களை ஏன் விலக்கினார்கள்? அமெரிக்காவில் 16, 17 வயது கார் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில், கூட வருபவர்கள் எண்ணிக்கை ஏற ஏற ஓட்டுபவர் சாகும் வாய்ப்பும் ஏறியது. நம்மூர் ட்ரிபிள்ஸுக்கு ஆய்வு தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நம் சட்டத்தில் இந்தப் படிகள் இல்லை. எல்.எல்.ஆர் என்ற பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்து எட்டு போட்டால் முடிந்தது. அன்று ராத்திரியே நண்பனை ஏற்றிக்கொண்டு பைபாஸில் டீ குடிக்கப் போகலாம். சட்டம் வைக்காத படியை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். லைசென்ஸ் வாங்கிய முதல் ஆறு மாதம் இருட்டில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பின் சீட்டில் அம்மாவோ அண்ணனோ உட்காரட்டும், நண்பன் காத்திருக்கட்டும். ‘லிஃப்ட் குடுடா’ என்று கேட்பவனிடம் இன்ஸ்பெக்டர் திட்டினார் என்று என் மேல் பழி போட்டுவிடுங்கள்.

வாய்க்குள் பேசிக்கொண்டே ஓட்டுவது என்று ஒரு பழக்கம் உண்டு. பார்ப்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாது. ‘பஸ் நின்றிருக்கிறது, முன்னால் ஆள் இறங்கி வரலாம். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியவில்லை, அப்படியானால் அவருக்கும் என்னைத் தெரியாது. மீடியன் இடைவெளி வருகிறது, யு-டர்ன் தொலைவு என்று யாராவது ராங் சைடில் வரலாம்.’ இப்படிச் சொல்லிச் சொல்லி ஓட்டினால், ஆபத்து வருவதற்கு முன்னால் கண் அங்கே போய் நிற்கும். இதைச் சொல்லிக் கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் நல்ல டிரைவிங் ஸ்கூல். பணம் கட்டும் முன் கேட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 2022-ல் அது போடாமல் இறந்தவர்கள் 50,000-க்கு மேல். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கட்டும், பட்டையை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னால் போய் விழும். பின்னால் உட்காருபவருக்கும் தலை இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

வழியில் விபத்தைப் பார்த்தால் வீடியோ எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்தவரைச் சாட்சியாகும்படி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது, 2019 திருத்தத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் வரம்புக்கு உட்பட்டுப் பணம் வாங்க மாட்டார்கள். அடிபட்டவரின் வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒன்றும் ஓடாது.

பேச்சு போதும். சனிக்கிழமை காலை 7 மணிக்கு விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். 30-ல் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்க வேண்டும், யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று டேப் பிடித்து அளப்போம். லைசென்ஸ், ஹெல்மெட், ஷூ மூன்றும் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர்களும் வரலாம், டேப் பிடிக்க ஆள் தேவை. பஸ்ஸில் வந்து சேருங்கள்.