குடம் ஒன்றுதானா?

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் இந்தியர் நற்பணிச் செயற்குழு நடத்திய மாதாந்தரக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னதால், கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, பேத்திக்கு இன்று பிறந்தநாள் என்றிருந்தும் எட்டரை மணிவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் அடித்தளத் தலைவர் ஐயா அவர்களே, மணியடிப்பதற்கென்றே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அம்மையார் அவர்களே! பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று போன வருஷமே சொன்னேன். இந்த வருஷம் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். பின்வரிசையில் வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, உங்களுக்குத்தான் முதல் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். மேடை மரபு விடவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வன்முறையில் இறங்கும் அரசியல் போராட்டக்காரர்களுக்கு நீதி ஒரே தராசில் நிறுக்கப்படுகிறதா?' இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரம்மா, "உங்களுக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்றார். நம் ஊரில் ஒருவர் தனியாகப் பதாகை பிடித்து நின்றாலே அது பொதுக்கூட்டம் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். பேச விரும்புகிறவருக்கு 2000-லிருந்து ஹோங் லிம் பூங்கா இருக்கிறது. எனக்கு இந்த மன்றமும் மின்விசிறியும் போதும்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். யாரைப் பிடிக்கிறார்கள், யார் மீது வழக்குப் போடுகிறார்கள், யாருக்கு எவ்வளவு தண்டனை. நேரம் இருந்தால் 1950, 1955, 1964 ஆகிய ஆண்டுகளில் நம் ஊரில் நடந்த கலவரங்கள். தம்பி இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இந்தத் தலைப்பைத் தொட்டதும் எல்லோர் வாயிலும் வருகிற பழமொழி ஒன்றுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். என் பாட்டி இதை ஒருநாளைக்கு மூன்று தடவை சொல்வாள். மருமகளாக இருந்தபோதும் சொன்னாள், மாமியாரான பிறகும் சொன்னாள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபுளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்டார். நாடு கொந்தளித்தது. பெரும்பாலான ஊர்வலங்கள் அமைதியாக நடந்தன. சில இடங்களில் கடைகள் எரிந்தன. மூன்றாம் நாள் இரவு அந்த ஊர்ப் போலீஸ் நிலையம் ஒன்றே எரிந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. சுமார் 140 போலீஸார் காயமடைந்தார்கள். முதல் கூட்டத்தைத் தடவிக் கொடுத்தார்கள், இரண்டாவது கூட்டத்தை நசுக்கினார்கள் என்று ஒரு கட்சி சொன்னது. இரண்டாவது கூட்டம் கறுப்பர்களாக இருந்திருந்தால் வாசற்படியிலேயே சுட்டிருப்பார்கள் என்று மறு கட்சி சொன்னது. இரண்டு பக்கமும் மாமியார், மருமகள் கதைதான். யார் மாமியார் என்பதில்தான் சண்டை.

நீதிபதிகளுக்குள்ளேயே இது வந்துவிட்டது. 2021 அக்டோபரில் வாஷிங்டனின் ஒரே நீதிமன்றத்தில், நீதிபதி மெக்ஃபேடன், ஊருக்குள் கலவரம் செய்தவர்கள் விஷயத்திலும் அரசுத் தரப்பு இதே கண்டிப்பைக் காட்டியிருந்தால் அதன் பேச்சுக்கு மதிப்பு இருந்திருக்கும் என்றார். சில நாளிலேயே நீதிபதி சட்கன், ஆட்சியைக் கவிழ்க்க வந்த கும்பலையும் உரிமை கேட்டு வந்தவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றார். அவரை நியமித்தவர் டிரம்ப், இவரை நியமித்தவர் ஒபாமா. ஒரே சட்டப் புத்தகம்தான்.

சரி, தீர்ப்புகளைப் பார்ப்போம். மினியாபொலிஸ் கலவரத்தில் ஒருவர் அடகுக்கடைக்குத் தீ வைத்தார். உள்ளே ஒரு மனிதர் இறந்துபோனார். தண்டனை வழிகாட்டி ஏறக்குறைய 20 ஆண்டு என்றது. அரசு வழக்கறிஞரே அவர் போராட்ட உணர்வில் வந்தவர் என்று சொல்லி 12 ஆண்டு போதும் என்றார். நீதிபதி 10 கொடுத்தார். ஜனவரி 6 வழக்கில் 'ப்ரவுட் பாய்ஸ்' என்ற வலதுசாரி அமைப்பின் தலைவர் என்ரிக்கே டாரியோ அன்று அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை. ஆனால் சதித்திட்டத்தின் தலைவர் என்று அரசு 33 ஆண்டு கேட்டது, கிடைத்தது 22. 'ஓத் கீப்பர்ஸ்' என்ற இன்னொரு அமைப்பின் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 25 கேட்டார்கள், 18 கிடைத்தது. இரண்டு பக்கத்திலும் நீதிபதிகள் கேட்டதைவிடக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அன்றைக்கே, டிரம்ப் ஜனவரி 6 வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு அளித்தார். 14 பேருக்குத் தண்டனையைக் குறைத்தார். போலீஸ்காரரை அடித்தவரும் வீட்டுக்குப் போனார், வாசலில் கொடி பிடித்து நின்றவரும் வீட்டுக்குப் போனார். நீதிமன்றங்கள் நான்கு வருஷம் படி படியாக அளந்து வைத்த நெல்லை ஒரே கையெழுத்தில் தரையில் கொட்டினால் எப்படி? எனக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அது தவறு என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவாரசியம். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அகதி என்று புரளி கிளம்பிப் பல ஊர்களில் கலவரம். கன்சர்வேட்டிவ் கட்சி நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவி, அகதிகள் தங்கிய ஹோட்டல்களைக் கொளுத்தினாலும் எனக்குக் கவலையில்லை என்ற தொனியில் இணையத்தில் எழுதினார். 31 மாதச் சிறை. தொழிற்கட்சி நகரமன்ற உறுப்பினர் ஒருவர், கலவரக்காரர்களுக்கு எதிரான கூட்டத்தில் ஒலிவாங்கி பிடித்து, அந்தத் தீவிர வலதுசாரிகளின் கழுத்தை அறுக்க வேண்டும் என்றார். 2025 ஆகஸ்ட்டில் விடுதலை. பாருங்கள், பொன்குடம், மண்குடம் என்று ஊரே கத்தியது.

ஆனால் நான் கிழவன், குடத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். அந்த அம்மையார் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் நீதிபதிக்குத் தண்டனை அளப்பது மட்டும்தான் வேலை. அந்த ஆடவர் மறுத்தார். பன்னிரண்டு நடுவர்கள் உட்கார்ந்து கேட்டு, குற்றமில்லை என்றார்கள். குற்றச்சாட்டும் வேறு வேறு. இரண்டு குடமும் ஒரே கடையில் வாங்கியதல்ல. இருந்தும் ஒன்று உறுத்துகிறது. ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்ற ஒரு சொல்லில் இவ்வளவு தொங்குகிறது என்றால், அந்தச் சொல்லை அர்த்தம் தெரிந்து சொல்ல எத்தனை பேருக்கு முடிகிறது?

இங்கேதான் என் கதைக்கு வருகிறேன். என் கதை எப்படியும் வரும் என்று தெரிந்துதான் தலைவர் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

நான் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் எனக்கு விடுப்பு. பழக்க தோஷம், சும்மா போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். காப்பிக்கடை வாசலில் அடிதடி வழக்கு. நாற்காலி பறந்திருக்கிறது, ஒருவருக்கு மண்டையில் ஆறு தையல். கூண்டில் நின்றவன் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், இருபத்தி நாலு வயசு இருக்கும். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். புதிதாக வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல பிள்ளை, ஆங்கிலம் அருவி மாதிரி கொட்டும். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை.

"அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள்.

பையன் சொன்னான்: "வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன்யா."

நம் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ஹி வாஸ் தேர் ஃபார் ஃபன்."

(கைதட்டல் வேண்டாம், கதை இன்னும் இருக்கிறது.)

அரசு வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்டை உடைந்தது உனக்கு ஃபன்னா?" அது தமிழில் இப்படி வந்தது: "மண்டை உடைஞ்சது உனக்கு வேடிக்கையா?" பையன் யோசித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஆமாங்கய்யா, எல்லாரும்தான் வேடிக்கை பாத்தாங்க. ஒருத்தரு நாற்காலி மேலேயே ஏறி நின்னு பாத்தாரு." அதுவும் போனது, எல்லோருக்கும் ஃபன், ஒருவர் நாற்காலி மீது ஏறி ஃபன் என்று. நாற்காலிதான் ஆயுதம் என்பதை மறந்துவிடாதீர்கள்! வழக்கறிஞர் வேகவேகமாக எழுதினார். "யாரோடு போனாய்?" என்று அடுத்த கேள்வி. பையன், "யாரோடவும் இல்லீங்க, கூட்டத்தோட கூட்டமா நின்னேன்" என்றான். "ஹி வாஸ் டுகெதர் வித் த குரூப்."

முடிந்தது கதை. ஐந்து பேர் ஒரே கெட்ட நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் வன்முறை நடந்தால் கலவரம். நம் தண்டனைச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படியும் உண்டு. 1860-ல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வழியில் 1871-ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்குப் போட்டது, சொற்கள் இன்னும் அதே வாசனைதான். நான் வரிசையில் உட்கார்ந்தபடி நகத்தைக் கடித்தேன். எழுந்து கத்த முடியாது, என்னை வெளியே தள்ளுவார்கள். நல்லவேளை, நீதிபதி நிதானமான மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்லுங்கள்" என்றார். பையன் "வேடிக்கை" என்றான். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பையன் முகத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் ஒத்திவைத்து வேறு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். அதற்கப்புறம் வழக்கு எங்கேயோ திரும்பிவிட்டது.

வெளியே வந்து பையன் என்னிடம் கேட்டான், "அண்ணே, நான் என்ன சொன்னேன்னு அவங்க சொன்னாங்க?" நான் சொல்லவில்லை. தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த 2013 டிசம்பர் 8 இரவை இந்த அறையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடம். தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதிலிருந்து மூண்டது கலவரம். அது அரசியல் கலவரமல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு எல்லாவற்றையும் அலசியது. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவுரை. ஒரே தெரு, ஒரே இரவு, மூன்று விதமான முடிவு. வழக்குப் போட்டால் கூண்டு உண்டு, கேள்வி உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு. விமானம் ஏறியவருக்கு அதில் எது கிடைத்தது? சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது, அதிகாரிகள் அன்று பட்ட பாடும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த 57 பேரில் எத்தனை பேர் வேடிக்கை பார்த்தவர்கள் என்று இன்றும் ராத்திரியில் நினைப்பேன்.

யார் மீது வழக்குத் தொடுப்பது என்பது நம் அரசமைப்பில் தலைமைச் சட்ட அதிகாரியின் உரிமை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதும் அதே அரசமைப்பில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்பது என் இரண்டாவது செய்தியாக இருந்திருக்கும்.

மணி அடித்துவிட்டார். முதல் மணிதானே தம்பி?

தண்டனையைப் பற்றி அப்புறம் ஒரு நாள் பேசுகிறேன். 1950-ல், மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமி யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மூண்டு 18 பேர் செத்த கலவரத்தில், நம் தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி விசாரணையே இல்லாமல் தடுத்து வைக்கப்பட்டார். அவருக்கே ஒரு தனிக் கூட்டம் வேண்டும். தலைவர் ஐயா தேதி கொடுக்கட்டும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மாமியார், மருமகள் பழமொழியைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். குடம் மண்ணா, பொன்னா என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்கிறவர் யார்? நம் ஆள் பேசுகிற தமிழுக்கு அவர்தான் வாய். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று ஏப்ரல் மாதம் முழுக்கக் கொண்டாடுகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், வடை சாப்பிடுகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் போ என்று சொல்லியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒன்று. அது என் தங்கை.

பிள்ளை டாக்டராகட்டும், வழக்கறிஞராகட்டும். ஆனால் புதுக்கோட்டைத் தமிழ், மதுரைத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், நம் தேக்காத் தமிழ், இந்த நான்கும் காதில் விழுந்து பழகிய இரண்டு பிள்ளைகள் ஒரு வட்டாரத்துக்கு வேண்டும். வார இறுதியில் ஊழியர் தங்குவிடுதிகளுக்குப் போய் உட்கார்ந்து பேசினாலே பாதி வந்துவிடும். பின்வரிசைத் தம்பிமார்களே, நீங்கள்தான் ஆசிரியர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், இரண்டே பக்கம்தான்.

இரண்டாவது மணி. சரி.

வாசலில் மேசை மீது நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்தில் தடுக்கி விழ வைக்கிற தமிழ்ச் சொற்களை அதில் சேர்த்து வருகிறேன். 'வேடிக்கை' முதல் பக்கம். 'கலாட்டா', 'தகராறு', 'கை வச்சேன்', 'தட்டிக் கேட்டேன்' எல்லாம் இருக்கிறது. தட்டிக் கேட்டேன் என்பதை அடித்துக் கேட்டேன் என்று சொன்னவரும் உண்டு. 'சும்மா' என்ற சொல்லுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தேநீர் குடிக்கப் போகும்போது ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டித்தான் வைத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.