ஸ்பைடர்மேன் பிறந்தது சூப்பர் ஹீரோ புத்தகத்தில் இல்லை!

வணக்கம் நண்பர்களே! 12 சென்ட்டுக்கு விற்ற ஒரு காமிக்ஸ், 2021-இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த இதழ் அது. ஆனால் அதில் அவனுக்குக் கிடைத்தது வெறும் 11 பக்கம். மீதிப் பக்கங்களில் என்ன இருந்தது?

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் சேர்ந்து தணிக்கை விதிகள் போட்டார்கள். ரத்தம் சொட்டும் திகில் கதைகள் காணாமல் போயின. அப்புறம் அமானுஷ்யக் குட்டிக் கதைகள் வந்தன. சில பக்கங்கள், கடைசி பேனலில் (அதாவது கடைசிப் படக் கட்டத்தில்) ஒரு ட்விஸ்ட், அவ்வளவுதான். எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 'அமேசிங் அடல்ட் ஃபேன்டஸி' என்ற இதழ் முழுக்க இதைத்தான் செய்தார்கள். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 15-ஆம் இதழில் அதன் பெயர் 'அமேசிங் ஃபேன்டஸி' என்று சுருங்கியது.

சரி, இப்போது அந்த இதழைத் திறப்போம்.

ஒரு கதையில் போலீஸுக்குப் பயந்து ஓடும் குற்றவாளி மம்மிப் பெட்டிக்குள் ஒளிகிறான். வெளியே வந்தால் பழைய எகிப்து! இன்னொன்றில் செவ்வாய்வாசிகள் இறங்கிவிட்டார்கள் என்று ஊரே தேடுகிறது. வெளியே போகாதே என்று ஒரு கணவன் மனைவியை எச்சரிக்கிறான். அவள் போகிறாள், சிக்குகிறாள். ஊர் தேடிய செவ்வாய்வாசிகளே அந்தத் தம்பதிதான்!

இந்தக் கண்ணோடு ஸ்பைடர்மேன் கதையைப் படியுங்கள். சக்தி கிடைத்த பையன் பீட்டர் பார்க்கர் அதை வைத்துக் காசு பார்க்கிறான். எதிரே ஓடும் திருடனை, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறான். பிறகு அவனுடைய பென் மாமா கொல்லப்படுகிறார். கொலைகாரனைத் துரத்திப் பிடித்து முகத்தைப் பார்த்தால்... அதே திருடன்!

எனக்குச் சிலிர்க்கும் இடம் இது. வில்லனைப் பிடித்தாயிற்று, ஆனால் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. தப்பு செய்தவனுக்குக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் அதே ட்விஸ்ட் கதைதான். மற்றக் கதைகளில் மாட்டிக்கொண்டவனை நாம் மறுபடி பார்ப்பதில்லை. பீட்டர் பார்க்கர் மட்டும் அந்தக் குற்ற உணர்ச்சியோடு மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டும்.

'பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும்' என்ற புகழ்பெற்ற வசனத்தை மாமா சொன்னார் என்றுதானே நினைக்கிறோம்? இந்த இதழில் அவர் சொல்லவே இல்லை. கடைசி பேனலில் கதைசொல்லியின் குரலாக அது வருகிறது.

எறும்பு அளவுக்குச் சுருங்கும் ஹீரோ ஆன்ட்மேனும் இப்படி ஒரு குட்டிக் கதையில் பிறந்தவர்தான். 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' 27-ஆம் இதழில் எறும்புப் புற்றில் மாட்டிய விஞ்ஞானி, 35-இல் ஹெல்மெட்டோடு ஹீரோவாகத் திரும்பினார்.

இனி ஒவ்வொரு இதழிலும் ஸ்பைடர்மேன் வருவான் என்று 15-ஆம் இதழிலேயே வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அத்தோடு இதழே நின்றுவிட்டது! 1963 மார்ச் தேதியிட்டு அவனுக்கென்றே தனி இதழ் வந்தது.

உங்களை அதிரவைத்த காமிக்ஸ் ட்விஸ்ட் எது? கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். இந்த இதழுக்காக டிட்கோ வரைந்த 24 மூலப் பக்கங்களை 2008-இல் பெயர் சொல்லாத ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அங்கே ஸ்பைடர்மேனோடு அந்த மம்மிப் பெட்டிக்காரனும் செவ்வாய்த் தம்பதியும் பத்திரமாக இருக்கிறார்கள்.