பச்சை முக்கோணம் சொல்லாத சேதி

பெரியவங்களுக்கும் தாய்மாருக்கும் வணக்கமுங்க.

வைகாசி பிறந்தா மஞ்சக் காட்டுல விதைக்கிழங்கு நேர்த்தி. மேன்கோசெப்ங்கற பூஞ்சைக்கொல்லி மருந்தை, கடையில எம்-45னு கேட்டு வாங்கறோமே அதை, லிட்டருக்கு 3 கிராம் கரைச்சு அரை மணி நேரம் கிழங்கை ஊற வெக்கறோம். பாக்கெட்டுல விஷத்தோட அளவைக் காட்டற முக்கோணம் பச்சையா இருக்கறதால பயமில்லைன்னு நெனைக்கறோம். அந்தப் பச்சை எப்படி வந்துது? ஒரே தடவையில வாய் வழியா கொடுத்து, சோதனை எலிகள்ல பாதி சாக, எலியோட கிலோ எடைக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல வேணும்னா பச்சை. அவ்வளவுதானுங்க. வருஷக்கணக்கா மூச்சுல போனா மூளை என்னாகும்னு அந்தச் சோதனை கேக்கவே இல்லை.

மேன்கோசெப்புல அஞ்சுல ஒரு பங்கு மாங்கனீசுங்கற உலோகம். 100 லிட்டருக்கு 300 கிராம் தூள். 75 சதவீதத் தூள்ங்கறதால மருந்து 225 கிராம், அதுல மாங்கனீசு 45 கிராம். சோத்துல வர்ற மாங்கனீசு மிஞ்சினா கல்லீரல் பித்தத்தோட தள்ளிரும். மூச்சுல போறது அந்தக் காவலைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகுது. எலிகள்ல மூக்கு நரம்பு வழியாவே மூளைக்கு ஏறியிருக்கு. அசைவை நடத்தற அடிமூளை முடிச்சுகள்ல போய்ச் சேருது. ஸ்காட்லாந்துல மாங்கனீசுத் தாது அரைச்ச தொழிலாளிங்களுக்கு நடை தள்ளாடினதை 1837லயே எழுதி வெச்சிருக்காங்க. மேன்கோசெப் இனத்தைச் சேர்ந்த மானெப்பையும் பாராகுவாட் களைக்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்த சுண்டெலிகள்ல, தனித்தனியா கொடுத்ததைவிட அசைவுக்கு வேணுங்கற டோபமினைச் சுரக்கற மூளை நரம்பணுக்கள் அதிகமா அழிஞ்சுதுன்னு 2000ல காட்டினாங்க. கைகால் நடுங்கி அசைவு மெதுவாகற பார்க்கின்சன் நோய்ல அழியறதும் இதே அணுக்கள்தானுங்க.

இன்னொண்ணு, இந்த மருந்து சிதைஞ்சு வர்ற எத்திலின் தயோயூரியா. உடம்புக்குள்ளயும் உண்டாகும், கரைச்சு வெச்ச தண்ணியிலயும், வெக்கையில கெடக்கற பாக்கெட்டுலயும் உண்டாகும். தைராய்டு சுரப்பைத் தடுக்கும். வயித்துப் பிள்ளையோட மூளை மொத மாசங்கள்ல தாயோட தைராய்டை நம்பித்தான் வளருது. அதனால கர்ப்பமா இருக்கற அம்மிணிகளை இந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாதுங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர்ல இதுக்கு அனுமதியைப் புதுப்பிக்கலை.

பாக்கெட்டை வெட்டற அந்த நிமிஷந்தான் மோசம். பேரல்ல உயரத்துல இருந்து கொட்டினா தூள் முகத்துக்கு வரும். பக்கெட்டுல கால்வாசி தண்ணி ஊத்தி, பாக்கெட் வாயைத் தண்ணியை ஒட்டிப் பிடிச்சு மெதுவா சரிச்சு, குச்சியால கூழாக் கொழைச்சு, அப்புறம் பேரல்ல ஊத்துங்க. துண்டு கட்டினா தூள் நிக்காது. என்-95 மாஸ்க் வேணும். துணிக் கையுறை நனைஞ்சா மருந்தைத் தோலோடயே ஒட்ட வெச்சிரும். நைட்ரைல் கையுறை போடுங்க. கிழங்கைக் கையால அள்ளாம, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிரேட்டோட எறக்கி, அப்படியே தூக்கி நெழல்ல வடிய விடுங்க. அன்னைக்கு வேணுங்கற அளவுக்கு மட்டும் கரைங்க. போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோட சேர்க்காம தனியாத் தொவைங்க.