ஆபரேட்டர் இருக்கான் தம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். சென்னை பாரிமுனையில் இரண்டாவது கடற்கரைச் சாலை. மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடிப்படியின் உச்சியில் ஒரு தரகர் அலுவலகம். அங்கே ஆர்டர் அடிக்கிற பையனாக இருந்தேன். இரண்டு டெர்மினல்கள், என் முதுகுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். யார் மூச்சு யார் கழுத்தில் படுகிறது என்றே தெரியாது. கண் எல்லாம் திரையில்தான்.

அந்தக் கூட்டத்தில் தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் வருவார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பாஸ்புத்தகமும், நாலாக மடித்த பேப்பரும். வந்ததும் குனிந்து என் காதில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “தம்பி, இது கேபி கவுண்டரா?” ஆமாம் என்றால் நூறு பங்கு வாங்கச் சொல்வார். அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது, லாபம் வருகிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கவுண்டர், ஸ்கிரிப் எல்லாம் எங்கள் பேச்சில் பங்குதான். கேபி என்றால் கேதன் பாரேக். மும்பைப் பங்குத் தரகர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். ஆனால் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று நம் ஊரோடு சேர்ந்தது: ‘பென்டாஃபோர் புல்’. புல் என்றால் காளை, விலை ஏறும் என்று வாங்குகிறவர். பென்டாஃபோர் சென்னைக் கம்பெனி, பிறகு பென்டாமீடியா ஆனது. கேபி கை வைத்த பங்குகளை ‘கே-10’ என்பார்கள். ஹிமாச்சல் ஃப்யூச்சரிஸ்டிக், குளோபல் டெலிசிஸ்டம்ஸ், சில்வர்லைன், சத்யம், ஜீ என்று போகும் அந்தப் பட்டியலில் சென்னைக்காரர்களும் உண்டு: பென்டாமீடியா, டிஎஸ்கியூ சாஃப்ட்வேர், எஸ்எஸ்ஐ. எஸ்எஸ்ஐ-யில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் ஃபீஸ் போன இடத்தின் பங்கையும் அன்றைக்கு ஊரே துரத்திக்கொண்டிருந்தது.

அந்த மாதம்தான் சென்செக்ஸ் முதல் தடவையாக 6,000-ஐத் தொட்டுப் பார்த்தது. மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவில், டெக்னாலஜி பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 5,048-இல் முடிந்தது. அதற்குப் பிறகு அது அந்த உயரத்தை மறுபடி பார்க்க 15 வருஷம் ஆனது.

சரி, ஒருவர் எப்படி விலையை ஏற்ற முடியும்? மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார். பேசுகிற ஆள் யார் என்று ஊருக்கே தெரியும், விலை மட்டும் துண்டுக்குள். பங்குச் சந்தையில் இது தலைகீழ். விலை திரையில் பளிச்சென்று ஓடும், கைதான் துண்டுக்குள். ஒரு கணக்கிலிருந்து விற்று, இன்னொரு கணக்கில் வாங்கி, அதை மூன்றாவதற்கு விற்று, மறுபடி முதல் கணக்குக்கே கொண்டுவருவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் விலை இரண்டு ரூபாய் கூடும். வட்ட வர்த்தகம் என்று இதற்குப் பெயர். இப்படி விலையை ஏற்றுகிறவர்தான் ஆபரேட்டர். பங்கு எங்கேயும் போகாது, ஆனால் வால்யூம் தெரியும். ‘இவ்வளவு கைமாறுதே, யாருக்கோ ஏதோ தெரிஞ்சிருக்கு’ என்று பின்னால் நிற்பவர் நினைப்பார். அவர் உள்ளே வந்ததும், சுற்றிக்கொண்டிருந்த பங்கில் கொஞ்சம் அவர் தலையில் இறங்கும்.

இதற்குக் காசு வேண்டும். அகமதாபாத்தில் மாதவபுரா மெர்க்கன்டைல் என்று ஒரு கூட்டுறவு வங்கி இருந்தது. அடமானப் பங்கின் மீது கடன், போதாததற்குக் கையில் பணமில்லாமலே எழுதிக் கொடுத்த பே ஆர்டர்கள், அதாவது பணம் தருகிறோம் என்று வங்கியே எழுதும் சீட்டுகள். அப்போது பத்லா முறையும் இருந்தது. வட்டி கட்டினால் போதும், வாங்கிய பங்குக்குப் பணம் கொடுப்பதை அடுத்த செட்டில்மென்டுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். விலை ஏறுகிற வரை அடமானத்தின் மதிப்பும் ஏறும், அதைக் காட்டி மேலும் கடன் வாங்கலாம். விலை இறங்கினால் அதே ஏணி சறுக்குமரம்.

இறங்கியது. 2001 பட்ஜெட் நாளில் துள்ளிய சென்செக்ஸ், இரண்டே நாளில், மார்ச் 2-ஆம் தேதி, 176 புள்ளிகள் விழுந்தது. கடன் வாங்கி நிற்பவரின் மூச்சு எங்கே முட்டும் என்று, விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுகிற கரடிகளுக்குத் தெரிந்திருந்தது, அங்கேயே அடித்தார்கள். கல்கத்தா பங்குச் சந்தையில் தரகர்கள் பணம் கட்ட முடியாமல் நின்றார்கள். மும்பைப் பங்குச் சந்தையின் தலைவர், கண்காணிப்புப் பிரிவிடம் ரகசியத் தகவல் கேட்டார் என்ற சர்ச்சையில் பதவி விலகினார். பே ஆர்டர் வகையில் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கு மட்டும் 137 கோடி ரூபாய் வராமல் நின்றது. மார்ச் 30-ஆம் தேதி கேபி கைதானார். பிறகு நாடாளுமன்றக் கூட்டுக்குழு, பத்லாவுக்குத் தடை. சந்தைப் பக்கமே வரக்கூடாது என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கேபிக்கு விதித்த தடை 14 வருஷம்.

இதெல்லாம் புத்தகக் கணக்கு. என் திரையில் நான் பார்த்தது வேறு. மஞ்சள் பைக்காரர் வைத்திருந்த ஒரு பங்கு, பெயர் வேண்டாம், லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி எல்லையில், உறைந்து கிடந்தது. விற்கிறவர்கள் பக்கம் சிவப்பில் லட்சக்கணக்கில் எண்கள். வாங்குகிறவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் திரை கெட்டுவிட்டதோ என்று அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். நான் அவருடைய ஆர்டரை அடித்து வைத்தேன், அது கடைசியில் போய் நின்றது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் சொன்னார்: “ஆபரேட்டர் எறங்கிட்டான் போல இருக்கு தம்பி.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் இருபத்தைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏறும்போது ‘ஆபரேட்டர் இருக்கான்’ என்பது வாங்குவதற்குக் காரணம். இறங்கும்போது ‘ஆபரேட்டர் இறங்கிட்டான்’ என்பது ஆறுதல். சந்தையில் தில்லுமுல்லு நடக்கிறது என்பது எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் ரகசியமாக இல்லை. அது தெரிந்துதான் வாங்கினார்கள். தெரிந்ததால்தான் வாங்கினார்கள். திருடன் ஓட்டுகிற வண்டி வேகமாகப் போகும், அவன் குதிப்பதற்கு முன் நாம் குதித்துவிடலாம் என்ற கணக்கு. ஆபரேட்டரின் தொழிலே இதில்தான் நிற்கிறது. ஏற்றுவது சுலபம், இறங்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள், அவனுக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று நம்புகிற நாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஐடி பங்கு ஒரே நாளில் ஏழெட்டு சதவீதம் விழுந்தால் உடனே எனக்கு போன் வரும்: “சார், யாரோ விளையாடறாங்க.” பெரும்பாலும் யாரும் விளையாடவில்லை. காலாண்டு முடிவில் கம்பெனி அடுத்த வருஷ வளர்ச்சியைக் குறைத்துச் சொல்லியிருக்கும், அமெரிக்க வாடிக்கையாளர் கையை இறுக்கியிருப்பார். பெரிய கம்பெனியை ஒரு ஆள் தூக்குவதும் சாய்ப்பதும் கஷ்டம். சின்னப் பங்கு, ஏழெட்டு நாள் தொடர்ந்து அப்பர் சர்க்யூட், அதாவது ஏற்றத்தின் எல்லை, கைமாறியது 50 லட்சம், நிஜமாகக் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டது, அதாவது டெலிவரி எடுத்தது, 2 லட்சம் என்று இருந்தால் அங்கே என் மூக்கு விடைக்கும். டெலிவரி சதவீதம் தினமும் பங்குச் சந்தையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. போன் போடுகிறவர்களில் அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் அபூர்வம்.

சில சமயம் துண்டுக்குள் இருக்கிற கை ஆபரேட்டருடையதே இல்லை. கே-10 பட்டியலில் சத்யம் என்றேனே. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தானே கடிதம் எழுதினார். புலிமேல் ஏறிவிட்டேன், தின்னப்படாமல் இறங்குவது எப்படி என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அது. அன்று ஒரே நாளில் பங்கு முக்கால் பாகத்துக்கு மேல் காலி. அன்றைக்கும் எங்கள் ஆட்கள் விழும்போதே “கரடிங்க வேலை, வாங்கிப் போடுங்க” என்றார்கள். சிலர் வாங்கியும் போட்டார்கள்.

இப்போது மாடிப்படி ஏற வேண்டாம், செல்போனே டெர்மினல். 2023 மார்ச்சில், யூடியூபில் பொய்ச் செய்தி பரப்பிப் பங்கை ஏற்றி விற்றதாக ஒரு கூட்டத்தையே செபி பிடித்தது. பங்கின் வருங்கால விலையின் மேல் பந்தயம் கட்டுகிற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இன்னும் மோசம். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி, தானாக வாங்கி விற்கும் கம்ப்யூட்டர் நிரலான அல்காரிதம் ஈட்டியது. அந்த ஆபரேட்டருக்குப் பட்டப்பெயர் கூட வைக்க முடியாது.

மெட்ராஸ் பங்குச் சந்தை 2015-இல் மூடப்பட்டது. அந்தத் தரகர் அலுவலகமும் இல்லை. மஞ்சள் பைக்காரருக்கு இப்போது எண்பத்தைந்து வயது இருக்கும், மகன் வீட்டில் இருக்கிறார். 2025 ஜனவரியில், கேதன் பாரேக்கின் மேல் செபி மறுபடி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு பெரிய வெளிநாட்டு நிதியத்தின் ஆர்டர்களை முன்கூட்டியே அறிந்து, அதற்கு முன்னால் ஆட்களை வைத்து வாங்கி விற்றதாகக் குற்றச்சாட்டு. செல்போன்களில் ‘ஜாக்’, ‘பாஸ்’ என்றெல்லாம் பெயர் பதிந்து வைத்திருந்தார்களாம். செய்தி வந்த மறுநாள் காலை எனக்கு ஒரு அழைப்பு. குரல் நடுங்கினாலும் உடனே அடையாளம் தெரிந்தது.

“தம்பி, பேப்பர் பாத்தியா? கேபி திரும்ப வந்திருக்கானாமே.”

“ஆமாம் சார், செபி பிடிச்சிருக்கு.”

“அது கெடக்கட்டும். எந்த ஸ்கிரிப்பாம்?”